இலையும் வேரும்: எண்ணெய் வித்துப் பயிர்களில் நுண்ணூட்டத் தெளிப்பின் பயனும் எல்லையும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செம்மை செய்யப்பெற்ற வடிவம். மேடையில் இடையிடையே கூறப்பட்ட சில விளக்கங்கள் அச்சில் சுருக்கப்பட்டுள்ளன.)



சமையலுக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கு மேற்பட்ட பங்கை நம் தேசம் அயல்நாடுகளிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறது என்பது நீங்கள் அறிந்ததே. திருவண்ணாமலை, விழுப்புரம், நாமக்கல், புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் ஆடிப்பட்டத்து மழையை நம்பி விதைக்கப்படும் மணிலா எனப்படும் நிலக்கடலையும், அதனோடு ஒட்டியும் தனித்தும் பயிராகும் எள்ளும் ஆமணக்கும், தம் ரகத்துக்கு இயல்பாக உள்ள ஆற்றல் முழுவதையும் விளைச்சலாக நமக்குத் தருவதில்லை என்பதும் உங்கள் அனுபவத்தில் கண்டதே. இந்தக் குறையைப் போக்க நுண்ணூட்டச் சத்துகளை நீரில் கரைத்து இலைமேல் தெளித்தால் போதும் என்று இன்று பல திசைகளிலிருந்தும் குரல் எழுகின்றது. அதனைச் சர்வரோக நிவாரணியாகப் போற்றுவோர் ஒருபுறமும், வீண் செலவு என்று தள்ளிவிடுவோர் மறுபுறமும் நிற்க, இடையில் நிற்கும் விவசாயி எதை நம்புவது என்று அறியாமல் கைத்தெளிப்பானைத் தோளில் சுமந்துகொண்டு வயலில் இறங்குகிறார். அவருக்குத் தெளிவான விடை ஒன்றைத் தர வேண்டியது ஆராய்ச்சித் துறையில் இருக்கும் எங்களைப் போன்றோரின் கடமை.

இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து இதுதான்: இலைவழி நுண்ணூட்டம் மண்வளத்துக்கு மாற்றாகாது, குறை இன்னதென்று நிச்சயமாக அறியப்பட்ட வயலில், பூவும், நிலக்கடலையில் மண்ணுக்குள் இறங்கிக் காயாகும் விழுதும் தோன்றும் குறுகிய பருவத்தில், வேரால் செய்ய இயலாத ஒரு காரியத்தை இலை செய்து முடிக்கும்போது மட்டுமே அது பெரும்பயன் தருகிறது, அப்பயனும் எண்ணெயின் சதவீதத்தைக் காட்டிலும் வித்தின் எண்ணிக்கையிலும் நிறைவிலுமே மிகுதியாக வெளிப்படுகிறது. இக்கருத்தை ஏழு பகுதிகளாக வகுத்து உங்கள் முன் வைக்கிறேன்.

1. அளவின் கணக்கு

பயிருக்கு இன்றியமையாத சத்துகளில் சில மிகச் சிறிய அளவில் வேண்டப்படுபவை என்ற உண்மை ஒரே நாளில் வெளிப்பட்டதன்று. 1923 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் காதரின் வாரிங்டன் என்னும் அம்மையார் போரான் இன்றி அவரை இனச் செடி வாழாது என்று காட்டினார். 1926 இல் கலிபோர்னியாவில் சோமர், லிப்மன் ஆகிய இருவரும் துத்தநாகத்தின் இன்றியமையாமையை நிரூபித்தபோது அவர்கள் பரீட்சைக்கு எடுத்துக்கொண்ட செடிகளுள் ஒன்று நம் எண்ணெய் வித்துகளுள் ஒன்றான சூரியகாந்தியே. 1939 இல் மாலிப்டினத்தின் தேவையை நிறுவிய ஆர்னன், ஸ்டவுட் ஆகியோர், ஒரு சத்தை இன்றியமையாதது என்று கூறுவதற்கு வேண்டிய இலக்கணத்தையும் அதே ஆண்டில் வகுத்துத் தந்தனர்.

சிறிய அளவு என்பதிலேயே இலைவழி ஊட்டத்தின் நியாயம் அடங்கியிருக்கிறது. ஹெக்டேருக்கு இரண்டு டன் காய் தரும் நிலக்கடலைப் பயிர் நூறு கிலோவுக்கு மேற்பட்ட தழைச்சத்தை ஏற்கிறது. அதனை இலை வழியாக ஊட்ட முயன்று, 2 சதவீத யூரியாக் கரைசலை 500 லிட்டர் தெளித்தால், போய்ச் சேருவது 4.6 கிலோ தழைச்சத்தே. தேவைக்கும் வழங்குதலுக்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தை எத்தனை முறை தெளித்தாலும் கடக்க முடியாது. துத்தநாகத்தின் கதை வேறு. ஹெக்டேரில் வளரும் பயிர் முழுவதும் ஏற்பது சில நூறு கிராம், 0.5 சதவீதத் துத்தநாக சல்பேட்டுக் கரைசலை 500 லிட்டர் தெளிக்கும்போது இலைமேல் விழும் துத்தநாகமோ ஏறத்தாழ 525 கிராம். அதில் ஒரு பகுதியே உள்ளே புகும் என்றாலும், தேவையும் வழங்குதலும் இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆகவே பேரூட்டங்களை மண்ணில் இட்டு, நுண்ணூட்டக் குறையை வேண்டுமிடத்து இலைவழி தீர்ப்பது எண்கணக்கே நமக்கு வகுத்துக் கொடுக்கும் முறையாகும்.

2. இலை என்னும் வாயில்

இலையின்மேல் மெழுகுத்தன்மை வாய்ந்த ஒரு படலம் போர்த்தப்பட்டிருக்கிறது. உள்ளிருக்கும் நீரைக் காப்பதற்காக இயற்கை அமைத்த அந்தப் படலம், வெளியிலிருந்து வருவதையும் தடுப்பதாகவே முதலில் கருதப்பட்டது. எனினும் 1840களிலேயே பிரான்சு நாட்டு யூசெப் கிரி என்பவர் வெளிறிய இலைகளின்மேல் இரும்பு உப்பின் கரைசலைத் தடவி அவை மீண்டும் பசுமை அடைவதைக் கண்டார். நூறாண்டுகளுக்குப் பின்னர், 1950களில், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டூக்கி, விட்வர் என்னும் அறிஞர்கள் கதிரியக்கத் தனிமங்களைப் பயன்படுத்தி, இலையில் வைத்த சத்து செடிக்குள் நுழைவதையும் அங்கிருந்து பிற உறுப்புகளுக்குச் செல்வதையும் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டினர். படலத்தில் உள்ள நுண்ணிய வழிகள் மூலமாகவும், இலைத்துளைகளின் ஓரங்கள் வழியாகவும் உப்புகள் உட்புகுகின்றன என்பது இன்று அறியப்பட்ட செய்தி.

ஆனால் நுழைவது வேறு, பரவுவது வேறு. உப்பு கரைந்த நிலையில் இருக்கும்வரைதான் உள்ளே செல்ல முடியும். துளி உலர்ந்து உப்பு படிந்துவிட்டால் வாயில் அடைபட்டதாகிறது. நண்பகல் வெயிலில் தெளிப்பதை விலக்கி, காற்று அடங்கிய மாலை வேளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் காரணம் இதுவே. உட்புகுந்த சத்து எங்கே செல்லும் என்பது அச்சத்தின் சுபாவத்தைப் பொறுத்தது. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் செடியில் எளிதாக இடம்பெயரும். துத்தநாகமும் இரும்பும் ஓரளவே பெயரும். போரான் பெரும்பாலான பயிர்களில் தான் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். சுண்ணாம்புச் சத்தோ இலையை விட்டு இறங்குவதே இல்லை எனலாம். எந்தச் சத்தை எப்போது, எந்த உறுப்பின்மேல், எத்தனை முறை தெளிப்பது என்ற நடைமுறைக் கேள்விகள் யாவும் இந்தச் சுபாவ பேதத்திலிருந்தே பிறக்கின்றன.

3. மண் இருந்தும் கொடாதபோது

இலைவழி ஊட்டத்துக்கு மிகத் தெளிவான நியாயம் கிடைக்கும் இடம் சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் விளையும் நிலக்கடலை. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் நடுத்தரக் கரிசல் நிலங்களில் நிலக்கடலைச் செடியின் இளம் இலைகள் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இடைப்பகுதி மஞ்சளாகி, நோய் முற்றியபோது முழு இலையும் காகிதம் போல் வெளுத்துவிடுவது பழகிய காட்சி. அப்பகுதியின் ஜூனாகத் நகரில் 1979 இல் தொடங்கப்பட்ட தேசிய நிலக்கடலை ஆராய்ச்சி மையம் இந்த வெளிறலை விரிவாக ஆராய்ந்துள்ளது. நம் கோயம்புத்தூர் வட்டாரத்துச் சுண்ணாம்பு மண்ணிலும் இதே காட்சியைக் காணலாம்.

அந்த மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. பயிர் ஒன்று வேண்டுவதைக் காட்டிலும் பல மடங்கு இரும்பு அதில் கிடக்கிறது. ஆனால் சுண்ணாம்பும் அதனால் உண்டாகும் பைகார்பனேட்டும் அந்த இரும்பைக் கரையாத நிலையில் கட்டிவைத்துவிடுகின்றன. நிலக்கடலை வேர் தன்னைச் சுற்றியுள்ள மண்ணை அமிலமாக்கி இரும்பைக் கரைத்தெடுக்க முயல்கிறது. சுண்ணாம்போ அந்த அமிலத்தை அவ்வப்போதே நடுநிலையாக்கிவிடுகிறது. மழை மிகுந்து நிலம் ஈரமாகவும் காற்றோட்டமின்றியும் இருக்கும் நாட்களில் பைகார்பனேட்டு பெருகுவதால் வெளிறல் அதிகமாகிறது. இத்தகைய மண்ணில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டு உப்பை மூட்டை மூட்டையாக இட்டாலும், அதுவும் சில நாட்களில் ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, ஏற்கனவே அங்குக் கிடக்கும் கரையாத இரும்போடு இரும்பாகச் சேர்ந்துவிடும். ஆகவே 1 சதவீத அன்னபேதிக் கரைசலை விதைத்த 30, 40, 50 ஆம் நாட்களில் இலைமேல் தெளிக்கும் முறை இங்கு முதன்மை வைத்தியமாகவே அமைகிறது. ஒரு முறை தெளித்தால் அப்போதிருக்கும் இலைகளே பசுமை பெறும். பின்னர் தோன்றும் இலைகளுக்கு அந்த இரும்பு போதிய அளவில் சென்று சேராது. ஆதலால்தான் மீண்டும் மீண்டும் தெளிக்க நேர்கிறது.

வட சீனத்தின் சுண்ணாம்பு நிலங்களில் நிலக்கடலையோடு மக்காச்சோளத்தை ஊடுபயிராக இட்டபோது வெளிறல் குறைந்ததைச் சீன அறிஞர்கள் கண்டறிந்தனர். புல்லினத்தைச் சேர்ந்த மக்காச்சோளத்தின் வேர் சுரக்கும் பொருள்கள் இரும்பைப் பற்றியிழுத்துக் கரைக்க, அண்டை வேரும் அதனால் பயனடைகிறது. வேரின் வழியே தீர்வு காண இயலுமாயின் அதனையும் தேட வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

4. காலம் என்னும் சத்து

சூரியகாந்திப் பூக்கொண்டையின் நடுவில் விதைகள் பதராகி நிற்பதை அனைவரும் கண்டிருப்பீர்கள். அதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று போரான் குறைவு. மகரந்தத் தூள் சூல்முடியின்மேல் விழுந்தபின் அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வளர்ந்து சூலை அடைந்தாலன்றிக் கருவுறுதல் நிகழாது. அக்குழாயின் சுவர் உறுதியாக அமைவதற்குப் போரான் வேண்டும். வயலில் வளரும் பயிர்களில் போரான் குறைவை மிக விரைவில் காட்டிக்கொடுக்கும் பயிர்களுள் ஒன்றாகச் சூரியகாந்தி மதிக்கப்படுகிறது. மேலும், போரான் நீரோடு சேர்ந்தே வேரை அடைவதால், மேல்மண் காய்ந்துவிட்ட நாட்களில், மண்பரிசோதனையில் குறையில்லை என்று கண்ட நிலத்திலும் தற்காலிகமாகக் குறை உண்டாகலாம். மானாவாரிச் சூரியகாந்தி பூக்கும் வேளையில் மழை பொய்த்தால் இரட்டைத் துன்பம் நேர்வது இதனாலேயே.

இதற்கு ஆராய்ச்சி நிலையங்கள் வகுத்துள்ள பரிகாரம் மிகவும் எளியது. பூக்கொண்டையின் வெளிவரிசை இதழ்கள் விரியும் சமயத்தில், லிட்டருக்கு 2 கிராம் வீதம் போரான் உப்பாகிய வெண்காரத்தைக் கரைத்துக் கொண்டையின்மேலேயே படும்படி தெளிக்க வேண்டும். 500 லிட்டர் கரைசலில் அடங்கிய வெண்காரம் 1 கிலோ. அதில் உள்ள போரான் ஏறக்குறைய 110 கிராம். இந்தச் சொற்ப அளவு, வேண்டிய இடத்தில், வேண்டிய நாளில் கிடைப்பதால், வேறொரு சமயத்தில் மண்ணில் இட்ட பெரிய அளவு செய்ய முடியாததைச் செய்துவிடுகிறது. இதே வெண்காரத்தைப் பத்து நாள் தாமதித்துத் தெளித்தால், கருவுறாமற்போன பூக்கள் திரும்பக் கருவுறப் போவதில்லை.

ஆயினும் போரான் தேனீயின் வேலையைச் செய்யாது. சூரியகாந்தி அயல் மகரந்தச் சேர்க்கையால் பெரிதும் பயன்பெறும் பயிர். தேனீக்கள் வந்து செல்லாத வயலில், பூக்கும் பருவத்தில் பூச்சிமருந்து அடித்து அவற்றை விரட்டிவிட்ட வயலில், வெண்காரம் மட்டும் பதரைப் போக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. ஹெக்டேருக்கு ஐந்து தேனீப் பெட்டிகள் வைக்கச் சொல்லும் பரிந்துரையும், காலை வேளையில் கொண்டைகளை ஒன்றோடொன்று மெல்ல உரசிவிடச் சொல்லும் பரிந்துரையும், வெண்காரப் பரிந்துரையும் சேர்ந்தே கையாளப்பட வேண்டியவை.

நிலக்கடலையிலும் காலத்தின் ஆதிக்கத்தைக் காண்கிறோம். விதைத்த 25 முதல் 30 நாட்களுக்குள் பூக்கத் தொடங்கும் அப்பயிரில், முதல் சில வாரங்களில் தோன்றும் பூக்களே பெரும்பாலும் முற்றிய காய்களாகின்றன. பின்னர் வருபவை பிஞ்சாகவும் பொக்காகவும் நின்றுவிடுகின்றன. எனவேதான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கூட்டுக் கரைசல் 25, 35 ஆம் நாட்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. டி.ஏ.பி. 2.5 கிலோ, அம்மோனியம் சல்பேட்டு 1 கிலோ, வெண்காரம் அரைக் கிலோ ஆகியவற்றை 37 லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் வடித்தெடுத்த ஏறத்தாழ 32 லிட்டர் தெளிவை 468 லிட்டர் நீருடன் கலந்து, 500 லிட்டராக ஒரு ஹெக்டேருக்குத் தெளிப்பது அம்முறை. அதே பல்கலைக்கழகம் பிற்காலத்தில் வெளியிட்ட ‘கிரவுண்ட்நட் ரிச்’ என்னும் ஊட்டக் கலவையும், ஏக்கருக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கரைத்து, பூக்கும் பருவத்தை ஒட்டியும் காய் பிடிக்கும் பருவத்திலும் இருமுறை தெளிப்பதற்காகவே அமைந்தது.

5. இலையால் ஆகாதது

ஒரு முறையின் பெருமையை அறிய விரும்புவோர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். நிலக்கடலையின் பொக்குக் காய்க்குத் தலையாய காரணம் சுண்ணாம்புச் சத்தின் குறைவு. அந்தச் சத்து சைலம் எனப்படும் நீர்க்குழாய் வழியே, இலை நீராவியை வெளிவிடும்போது உண்டாகும் ஈர்ப்பினால், மேல்நோக்கி மட்டுமே செல்லும். இலையில் சமைத்த உணவைக் கீழே கொண்டுவரும் ஃபுளோயக் குழாயில் அது ஏறுவதில்லை. நிலக்கடலைக் காயோ மண்ணுக்குள் மறைந்திருப்பதால் நீராவியை வெளிவிடுவதில்லை. ஆகவே செடியின் வேர் உறிஞ்சிய சுண்ணாம்புச் சத்து காயை எட்டுவதில்லை. விழுது மண்ணில் இறங்கியபின் காய் தன் ஓட்டின் வழியாகத் தானே சுற்றியுள்ள மண்ணிலிருந்து அதனை உறிஞ்சிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த அற்புதமான ஏற்பாட்டை அறிந்தவர்கள் சுண்ணாம்புச் சத்தை இலையில் தெளித்துக் காயை நிரப்ப முயல மாட்டார்கள். ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சத்தை, இறவைப் பயிராயின் 40 முதல் 45 நாட்களுக்குள், செடியின் அடியில் இட்டு மண் அணைப்பதே உரிய வழி. விழுது இறங்கும் மேல்மண்ணில் ஜிப்சம் இருத்தல் வேண்டும். அதனோடு கிடைக்கும் கந்தகம் எண்ணெய்ப் பயிருக்கு இரண்டாம் நன்மை. ஜிப்சம் இடாத வயலில் விலையுயர்ந்த நுண்ணூட்டக் கரைசலை மும்முறை தெளிப்பவர், அஸ்திவாரம் போடாமல் மாடிக்கு வர்ணம் பூசுபவருக்கு ஒப்பாவார்.

இந்தக் குறைகள் ஏன் பெருகின என்ற கேள்வியும் இங்கு எழுகிறது. தொழுவுரம் குறைந்தது, சுண்ணாம்பும் கந்தகமும் கலந்திருந்த சூப்பர் பாஸ்பேட்டின் இடத்தை அவை மிகுதியாக இல்லாத டி.ஏ.பி. பல இடங்களில் பிடித்துக்கொண்டது. உயர் விளைச்சல் ரகங்கள் ஆண்டுதோறும் மண்ணிலிருந்து முன்னைவிட அதிகமாக எடுத்துச் செல்கின்றன. தெளிப்பான் இவற்றுள் எதையும் நிவர்த்தி செய்வதில்லை. இவ்வாண்டுப் பயிரின் அவசரத்தை அது தீர்க்கும். மண்ணின் வறுமையை அது தீர்க்காது.

6. விளைச்சலும் தரமும்

இனி இச்சொற்பொழிவின் நடுநாயகமான பொருளுக்கு வருகிறேன். இலைவழி நுண்ணூட்டம் எண்ணெயைப் பெருக்குகிறதா? பெருக்குகிறது, ஆனால் பலர் நினைக்கும் வழியில் அன்று.

வித்தில் உள்ள எண்ணெயின் சதவீதம் பெரும்பாலும் ரகத்தின் பரம்பரைக் குணத்தாலும், வித்து முற்றும் காலத்து வெப்பத்தாலும் ஈரத்தாலும் நிர்ணயிக்கப்படுவது. நிலக்கடலைப் பருப்பில் 45 முதல் 50 சதவீதம் என்ற எல்லைக்குள் அது நிற்கிறது. குறை கடுமையாக உள்ள நிலத்தில் நுண்ணூட்டம் அதனைச் சிறிது உயர்த்தலாம். குறையில்லாத நிலத்தில் உயர்த்துவதில்லை. ஆனால் துத்தநாகம் வளர்ச்சி ஊக்கியின் உற்பத்திக்கும், இரும்பு பச்சையத்தின் உற்பத்திக்கும் வேர்முடிச்சில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் வேலைக்கும், போரான் பூவின் கருவுறுதலுக்கும் உதவுவதால், காயின் எண்ணிக்கையும் பருப்பின் எடையும் உடைப்பு விகிதமும் உயர்கின்றன. எண்ணெயின் மொத்த அளவு இவ்வழியேதான் பெருகுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பாருங்கள். ஹெக்டேருக்கு 1,500 கிலோ காய், 70 சதவீதப் பருப்பு, 48 சதவீத எண்ணெய் என்று கொண்டால் கிடைப்பது 504 கிலோ எண்ணெய். காயும் பருப்பு விகிதமும் மாறாமல் எண்ணெயின் சதவீதம் மட்டும் 49 ஆக உயர்ந்தால் 514.5 கிலோ. எண்ணெய்ச் சதவீதம் சற்றும் மாறாமல், காய் 1,650 கிலோவாகவும் பருப்பு 72 சதவீதமாகவும் உயர்ந்தால் 570 கிலோ. செக்கில் ஊற்றெடுக்கும் எண்ணெய், வயலில் நிரம்பிய பருப்பின் மறுவடிவமே என்பதற்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

எண்ணெயின் கொழுப்பமிலத் தன்மையைப் பற்றியும் ஒரு சொல். ஒலியிக் அமிலம் மிகுந்த எண்ணெய் நெடுநாள் கெடாமல் இருக்கும் என்பதால் இன்று அதற்கு மதிப்பு மிகுந்துள்ளது. அந்தக் குணத்தைத் தெளிப்பானால் உண்டாக்க இயலாது. பயிர்ப்பெருக்கத்தால்தான் உண்டாக்க முடியும். 2020 இல் வெளியிடப்பட்ட கிர்னார் 4, கிர்னார் 5 ஆகிய நிலக்கடலை ரகங்கள் ஏறத்தாழ 80 சதவீத ஒலியிக் அமிலத்தைத் தருவது அவற்றின் மரபணுவின் கொடை. சூரியகாந்தி எண்ணெயில் வெப்பம் மிகுந்த பருவத்தில் ஒலியிக் அமிலமும், குளிர்ந்த பருவத்தில் லினோலியிக் அமிலமும் கூடுவது தட்பவெப்பத்தின் கொடை. நுண்ணூட்டத்தின் பங்கு இவ்விரண்டின் நிழலில் அடங்கிய சிறு பங்கே.

ஆனால் தரம் என்பது எண்ணெய் மட்டும் அன்று. போரான் குறைந்த நிலக்கடலையில் பருப்பின் உட்புறம் குழிந்து பழுப்பு நிறமாகும் குறைபாட்டை 1950களில் அமெரிக்காவின் ஃபுளோரிடா அறிஞர்கள் ஆராய்ந்து வெளிப்படுத்தினர். அவ்வாறு குழிந்த பருப்பு வெளியே பார்க்கக் குற்றமற்றதாகத் தோன்றினும், உடைத்துப் பார்க்கும் வியாபாரியிடம் விலை குறைகிறது. விதையாக வைத்தால் முளைப்பும் குன்றுகிறது. இந்தத் தரக்குறைவைப் போரான் முற்றாகப் போக்குகிறது. வடிவொத்த, நிரம்பிய, முளைப்புத்திறன் உள்ள பருப்பு என்பதே நுண்ணூட்டம் நிலக்கடலைக்கு அளிக்கும் மிக நிச்சயமான தரவுயர்வு என்பது என் அபிப்பிராயம்.

7. அறிந்து தெளித்தல்

குறையை அறிவது எவ்வாறு? மண்பரிசோதனை முதல் படி. டி.டி.பி.ஏ. என்னும் கரைப்பானைக் கொண்டு பயிருக்குக் கிட்டும் துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் ஆகியவற்றை ஒருசேர அளக்கும் முறையை லிண்ட்சே, நார்வெல் ஆகியோர் 1978 இல் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். நம் பரிசோதனைக் கூடங்கள் இன்றும் அதையே பின்பற்றுகின்றன. நம் நாட்டில் பரிசோதிக்கப்பட்ட மண் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை துத்தநாகக் குறை உடையவை. அதன் மறுபக்கம், எஞ்சிய பெரும்பகுதி அக்குறை இல்லாதவை என்பதாகும். உங்கள் நிலம் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதைப் பரிசோதனையன்றி வேறெதுவும் சொல்லாது.

இரும்பின் விஷயத்தில் மண்பரிசோதனையும் இலைப்பரிசோதனையும் சில வேளைகளில் ஏமாற்றும். வெளிறிய இலையிலும் மொத்த இரும்பு குறையாமல் இருப்பதுண்டு. அங்கு கிரி காட்டிய பழைய வழியே சிறந்தது. ஐயத்துக்குரிய செடியின் இளம் இலை ஒன்றில் நீர்த்த அன்னபேதிக் கரைசலைப் பஞ்சால் தடவிவிட்டுச் சில நாட்கள் பொறுத்துப் பாருங்கள். தடவிய இலை பசுமையானால் குறை இரும்பே. பசுமையாகாவிட்டால் நீர்த்தேக்கமோ நச்சுயிரி நோயோ தழைச்சத்துக் குறையோ காரணமாகலாம்; முதிய இலைகளில் முதலில் மஞ்சள் தோன்றினால் தழைச்சத்தையும், இளம் இலைகளில் தோன்றினால் இரும்பையும் நினையுங்கள்.

தெளிக்கும்போது கவனிக்க வேண்டியவையும் உண்டு. துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி. கரைசலுடன் கலந்தால் துத்தநாக பாஸ்பேட்டு படிந்து இரண்டும் வீணாகும். துத்தநாகக் கரைசலின் அமிலத்தன்மை இலையைக் கருக்காமலிருக்க, உப்பின் எடையில் பாதியளவு நீற்றிய சுண்ணாம்பைச் சேர்ப்பது பழைய வழக்கம்; 1966 இல் பந்த்நகரில் நேனே என்னும் அறிஞர் நெல்லின் கைரா நோய் துத்தநாகக் குறையால் வருவது என்று கண்டறிந்த பின், 1,000 லிட்டர் நீருக்கு 5 கிலோ துத்தநாக சல்பேட்டும் 2.5 கிலோ சுண்ணாம்பும் என்ற அளவு வட இந்தியாவில் பரவியது. அன்னபேதிக் கரைசலை அன்றன்றே தயாரிக்க வேண்டும். பழுப்பாக மாறிவிட்ட கரைசலால் பயனில்லை. போரானில் போதுமென்ற அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது. குறை தெரியாத நிலத்தில் அதனை ஆண்டுதோறும் இட்டுவருவது ஆபத்து. எல்லாச் சத்துகளும் கலந்தது என்ற விளம்பரத்தை நம்பி வாங்கும் புட்டியில், உங்கள் பயிருக்கு வேண்டிய ஒன்று போதாமலும், வேண்டாத ஐந்து மிகுந்தும் இருக்கக்கூடும். விவரச்சீட்டில் சத்தின் சதவீதம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பின்னரே பணம் கொடுங்கள்.

அவையோரே, இதுவரை கூறியவற்றிலிருந்து வெளிப்படும் முடிபு ஒன்றே. இலைவழி நுண்ணூட்டம் உண்மையான சாஸ்திரம்; அதற்கு உரிய ஸ்தானம் உண்டு. சுண்ணாம்பு மண்ணில் இரும்புக்கும், பூக்கும் சூரியகாந்தியில் போரானுக்கும், பயிர் வளரும்போது கண்ட துத்தநாகக் குறைக்கும் அதற்கு இணையான விரைவுடைய வழி வேறில்லை. ஆனால் தொழுவுரத்தின் இடத்தையோ ஜிப்சத்தின் இடத்தையோ தேனீயின் இடத்தையோ அது பிடிக்க முடியாது. பிடிக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள், தெளிப்பினால் கூடிய விளைச்சலைக் கூறும்போதெல்லாம் அந்த மண்ணின் சத்து நிலையையும் சேர்த்துக் கூறுங்கள் என்பது. மண்ணைக் கூறாத விளைச்சல் கணக்கு இன்னொரு விவசாயிக்கு வழிகாட்டாது. வேளாண்மைத் துறைக்கு நான் விடுக்கும் வேண்டுகோள், ஆடிப்பட்டத்து விதைப்புக்கு முன்பே மண்பரிசோதனை முடிவு விவசாயியின் கைக்குக் கிடைக்கும்படி செய்யுங்கள் என்பது. விவசாயப் பெருமக்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் மிகவும் எளியது. அடுத்த முறை தெளிக்கும்போது வயலின் நடுவே நான்கு பாத்திகளைத் தெளிக்காமல் விட்டுவிடுங்கள். அறுவடையில் அந்தக் காயையும் தெளித்த பாத்திகளின் காயையும் தனித்தனியே காயவைத்து, நிறுத்து, உடைத்துப் பருப்பையும் எடைபோட்டுப் பாருங்கள். அந்தத் தராசு சொல்வதை எந்த விளம்பரத்துக்கும், எந்தச் சொற்பொழிவுக்கும், என் சொற்பொழிவு உட்பட, மேலாகக் கொள்ளுங்கள்.